ஒன்பது மணிக்குத் திறந்த பாடப் பதிவு

பாலர் பள்ளியின் பின்புறத் திடலில் சாக்கு ஓட்டத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஆறு வயதுப் பிள்ளைகள் இடுப்புவரை சாக்குக்குள் நின்றுகொண்டு, விசில் ஊதும் முன்பே குதித்து, குதித்த வேகத்தில் விழுந்துகொண்டிருந்தார்கள். இரவு பெய்த மழையில் புல் ஊறிக் கிடந்தது. சாக்குகளிலிருந்து பழைய அரிசி வாடை வந்தது. ஓரத்து மேசையில், பெரிய ஜக்கில் கலக்கி வைத்த மைலோவின் மீது ஏடு படிந்துகொண்டிருந்தது.

நான் ஒரு கையில் விசிலும் மறு கையில் கைப்பேசியுமாக நின்றேன். மணி ஒன்பதரையைத் தாண்டிவிட்டது. ஒன்பது மணிக்கே வந்திருக்க வேண்டிய செய்தி வரவில்லை. ‘முடிந்தது’ என்று ஒரே சொல் அனுப்பினால் போதும் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

எங்கள் ஜொகூர் மாநிலத்தில் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியிருந்த புதிது அது. பல வருடம் வெள்ளியும் சனியும் வீட்டில் இருந்து பழகியவர்களுக்கு எந்த நாள் என்ன நாள் என்ற குழப்பம் இன்னும் தீரவில்லை. சனிக்கிழமை ஒத்திகை என்று சொல்லியிருந்தோம். பாதிப் பிள்ளைகள் சீருடையில் வந்திருந்தார்கள், ஒருத்தி பட்டுப்பாவாடையில் வந்திருந்தாள். அவளையும் சாக்குக்குள் இறக்கிவிட்டேன்.

கெட்ட செய்திக்கு ஒரு தமிழ்

எங்கள் பள்ளியை நடத்துபவர் மிஸஸ் நவரத்தினம். அரசாங்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சிலோன்காரர் குடும்பம். எங்கள் ஊரான பத்து பாகாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றாலும் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழை விடவில்லை. பள்ளியில் எங்களிடம் ஆங்கிலம்தான். அவர் தமிழுக்கு மாறினால் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் கூப்பிட்டார்.

“இரும் வசந்தி. நான் என்ன செய்யிறது பிள்ளை, வகுப்புக்குப் பொறுப்பா இருக்கிறவைக்கு டிப்ளோமா இருக்கவேணுமாம். கொஞ்சக் காலம் தந்திருக்கினம். அதுக்குள்ள முடிக்காட்டி உம்மை உதவியாளராத்தான் வச்சிருக்கலாம்.”

பதினான்கு வருடமாக ஆறு வயது வகுப்பு என் வகுப்பு. கையில் இருந்தது ஒரு பழைய சான்றிதழ் மட்டும். உதவியாளர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பென்சில் சீவ வேண்டும், சட்டை மாற்றிவிட வேண்டும், இன்னொருவர் பாடம் எடுக்கும்போது பின்னால் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். என் வகுப்பில் அப்படி உட்காருவதை விட வீட்டிலேயே உட்காரலாம் என்று தோன்றியது.

ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில் பகுதி நேரமாகச் சேர்ந்தேன். பெரும்பாலும் இணையத்தில் வகுப்பு. சமையல், துணி, என் பிள்ளையின் இடைநிலைப் பள்ளித் தேர்வு எல்லாவற்றுக்கும் நடுவில் ஒவ்வொரு பாடமாகத் தாண்டி வந்தேன். மிச்சம் இருந்தது ஒன்றுதான், பிராக்டிகம் என்ற நேரடிப் பயிற்சி. ஒரு பள்ளியில் சில மாதம் பயிற்சி ஆசிரியையாக இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவைதான் அதற்குப் பதிவு. தவறவிட்டால் மிஸஸ் நவரத்தினம் சொன்ன கெடு முடிந்துவிடும்.

இதில் இன்னொரு விதி இருந்தது. சொந்தமாக வேலை செய்யும் பள்ளியில் பயிற்சி எடுக்கக் கூடாது, வேறு பள்ளிக்குத்தான் போக வேண்டும். ஆக, என் வகுப்பை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் என் வகுப்பை விட்டுப் போக வேண்டும். இதை யோசித்து எழுதியவர் யாரென்று தெரியவில்லை. நிச்சயம் டிப்ளோமா வைத்திருப்பவராகத்தான் இருப்பார்.

குணாவும் காலண்டரும்

என் கணவர் குணா நான் எழுதும் இந்தத் தொடரை வாராவாரம் வாசிக்கிறார். “எல்லாரப் பத்தியும் எழுதுற, என்னைப் பத்தி ஒரு வரி இல்லயே” என்று போன வாரம் குறைப்பட்டுக்கொண்டார். எழுதுகிறேன்.

அவருக்கு ஊரில் உள்ள ஒரு துணி ஆலையில் வேலை. தரம் பார்க்கும் பிரிவு. ஓடுகிற துணியில் ஒரு நூல் விலகியிருந்தாலும் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். வெள்ளைக்காரன் சொன்னாலும் ஜப்பான்காரன் சொன்னாலும் ஏன், எதற்கு என்று கேட்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். காலண்டர் சொன்னால் மட்டும் கேள்வியே கிடையாது.

ராகு காலத்தில் புதுச் சட்டை போட மாட்டார். புது டயர் மாட்ட மாட்டார். ஒரு தடவை மயக்க ஊசி போடத் தயாராக இருந்த பல் டாக்டரைக் கால் மணி நேரம் காத்திருக்க வைத்தார். சீனர் அந்த டாக்டர். தானும் நாள் பார்த்துத்தான் கிளினிக் திறந்ததாகச் சொல்லி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அதிலிருந்து வீட்டில் எனக்குப் பேச வாயில்லை.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. ராகு காலம் என்பது சூரியன் உதிப்பதிலிருந்து கணக்கு. தமிழ்நாட்டில் ஆறு மணிவாக்கில் விடிகிறது. இங்கே மலேசியாவில் ஏழாகிவிடுகிறது. நாங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது கடிகாரத்தையே அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்களாம். அப்படியானால் ராகுவும் தள்ளித்தானே வர வேண்டும்? கோயிலில் ஒருவரிடம் கேட்டேன். “ஆமா, ஒரு மணி நேரம் கூட்டித்தான் பாக்கணும்” என்றார். இன்னொருவரிடம் கேட்டேன். “அதெல்லாம் குழப்பிக்காதீங்க, காலண்டர்ல போட்ட மாதிரி பாருங்க” என்றார். குணா இரண்டாமவர் கட்சி.

இவ்வளவும் தெரிந்த நான், அந்தச் சனிக்கிழமை காலையில் பதிவு செய்யும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வேறு வழியில்லை. கல்லூரியின் பதிவுப் பக்கம் கைப்பேசியில் திறக்காது, கணினியில்தான் திறக்கும். எனக்கோ சாக்கு ஓட்டம்.

“அது அவங்க டைம் லா”

பொறுக்க முடியாமல் நானே அழைத்தேன்.

“என்னங்க, ஆச்சா?”

“இல்ல மா. இன்னும் டைம் இருக்கு.”

“என்ன டைம்? ஒம்பதுக்கே தொறந்துட்டாங்க.”

“அது அவங்க டைம் லா. ஒம்பதுலேர்ந்து பத்தரை ராகு காலம். கடைசி செமஸ்டர், நல்ல நேரத்துல ஆரம்பிப்போமே. நான் குளிச்சிட்டு, வெளக்கு ஏத்திட்டு, ரெடியாத்தான் உக்காந்திருக்கேன்.”

“இப்பவே அமுக்குங்க. எடம் போயிரும்.”

“மூணு வருஷம் பொறுத்த. ஒரு மணி நேரம் பொறுக்க முடியாதா? எடம் எங்க ஓடிறப் போவுது.”

அதற்குள் பட்டுப்பாவாடைக்காரி மூக்கை அடித்துக்கொண்டு விழுந்துவிட்டாள். ரத்தம். கைப்பேசியைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு ஓடினேன். அவளைத் தூக்கி, தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்லி, ஐஸ் வைத்து, அவள் அம்மாவுக்குச் செய்தி சொல்லி, மிச்ச ஒத்திகையையும் முடிக்கும்போது மணி பத்தே முக்கால். கைப்பேசியில் செய்தி வந்து கிடந்தது. ‘முடிந்தது. பாலோ.’

பாலோ என்றால் குளுவாங்குக்கு அப்பால், எண்ணெய்ப்பனைக்கு நடுவில் இருக்கும் சின்ன ஊர். எங்கள் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். நான் கேட்டிருந்தது எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் பள்ளி.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். மடிக்கணினியின் மூலையில் குங்குமம் வைத்திருந்தார். பக்கத்தில் ஊதுபத்தி. திரையில் பள்ளிகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பத்து பாகாட், நிரம்பியது. குளுவாங், நிரம்பியது. எல்லாம் ஒன்பது மணிக்கும் ஒன்பதே காலுக்கும் இடையில் போயிருக்கிறது. மிச்சம் பாலோ. அதையும் விட்டுவிடாமல் பிடித்ததில் குணாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதற்குக் கீழே சிவப்பில் ஒரு வரி.

“இது என்ன?” என்றேன்.

“தெரியல. செவப்புல என்னமோ வந்துச்சு. அது சும்மா வர்றதுதானே?”

அது சும்மா வரவில்லை. பிராக்டிகத்துக்கு முன் முடித்திருக்க வேண்டிய பாடம் ஒன்றை நான் முடிக்கவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் பதிவு ரத்தாகும் என்று இருந்தது.

எனக்கு வந்த கோபத்தைக் குறைத்து எழுத விரும்பவில்லை. ஊதுபத்தியைப் பிடுங்கி சின்க்கில் போட்டேன். “சூரியக் கணக்குப்படி பாத்தா ஒம்பது மணி நல்ல நேரம். ராகு பத்துலேர்ந்து பதினொண்ணரை. நீங்க அமுக்குனது நட்ட நடு ராகு காலத்துல” என்றேன்.

அவர் காலண்டரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். போய் காரைக் கழுவ ஆரம்பித்தார். முந்தின நாள்தான் கழுவியிருந்தார்.

அனுபவமும் பாடமும்

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் பஸ் ஏறினேன். எங்கள் துறையின் ஒருங்கிணைப்பாளர் புவான் ரொஹானா, அதாவது திருமதி ரொஹானா. என்னை விடப் பத்து வயதாவது சின்னவர், என்னைக் ‘கக்’ என்றுதான் கூப்பிடுவார். மலாயில் அக்கா. நாங்கள் மலாயில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

கணினியில் தேடினார். நான் சேரும்போது பழைய சான்றிதழில் இருந்த பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒன்று, குழந்தைகளின் உடல்நலமும் பாதுகாப்பும், விடுபட்டிருக்கிறது. பழைய பாடத்திட்டமும் புதிய பாடத்திட்டமும் பொருந்தவில்லையாம்.

“மூணு வருஷமா யாரும் சொல்லலயே?”

“சிஸ்டம் கேக்காத வரைக்கும் எங்களுக்கும் தெரியாது கக். பிராக்டிகம் எடுக்கும்போதுதான் அது கேக்கும்.”

“நான் பதினாலு வருஷமா பிள்ளைங்களைப் பாத்துக்கிறேன். காய்ச்சல், வாந்தி, கை கால் வாய் நோய், எல்லாம் பாத்தாச்சு. அதை எழுதிக்கக் கூடாதா?”

புவான் ரொஹானா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அது அனுபவம். இது பாடம். அனுபவத்துக்குக் குறியீட்டு எண் கிடையாது.”

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே கணினியில் எண் போடும் கட்டம் ஒன்று இருந்தது, அதில் போட என்னிடம் எதுவும் இல்லை. எண் இல்லாமல் அடுத்த கட்டம் திறக்காது.

அவரிடம் ஒரு வழி இருந்தது. விலக்குத் தேர்வு. அந்தப் பாடத்தைப் படிக்காமல் நேரடியாகத் தேர்வு எழுதித் தேறினால் எண் கிடைக்கும். “மத்தியானம் எழுதுறீங்களா? இன்னிக்கு விட்டா இந்த வாரத்துல எனக்கு வேற நேரம் இல்ல.”

எழுதுகிறேன் என்றேன். பிள்ளைக்குக் கை கழுவிவிடுவதில் எனக்குப் பரீட்சையா என்ற திமிர் இருந்தது. கேன்டீனில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு, ஒரு வரி படிக்காமல் போய் உட்கார்ந்தேன்.

முதல் பக்கத்திலேயே திமிர் போய்விட்டது. எந்த வெப்பநிலையில் உணவை வைக்க வேண்டும், எந்த நோய்க்கு எத்தனை நாள் பிள்ளையை வீட்டில் நிறுத்த வேண்டும் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். நான் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லுகிற ஆள். தாளில் முகம் இல்லை. மூக்கில் ரத்தம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. சனிக்கிழமைதானே செய்தேன் என்று தைரியமாக, தலையை அண்ணாந்து பிடிப்பேன் என்பதற்கு நேராகக் கோடு போட்டேன்.

வெளியே நாற்காலியில் காத்திருந்தேன். ஏர்கான் குளிரில் கை விறைத்தது. தேறாவிட்டால் மிஸஸ் நவரத்தினத்திடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். உணவின் வெப்பநிலை தெரியாததால் என்று சொல்ல முடியாது. பயமாக இருந்தது. பாதி தூக்கத்தில் எழுப்பினால்கூடச் செய்யத் தெரிந்த வேலை, அது எனக்குத் தெரியாது என்று ஒரு தாள் சொல்லிவிடுமோ என்ற பயம்.

புவான் ரொஹானா கதவைத் திறந்தார். “லுலுஸ்” என்றார். தேர்ச்சி. “விளிம்புல தேறியிருக்கீங்க கக். மூக்குல ரத்தம் வந்தா தலையை முன்னாலதான் சாய்க்கணும். பின்னால சாய்ச்சா ரத்தம் தொண்டைக்குள்ள போயிரும்.”

பஸ்ஸில் வரும்போது பட்டுப்பாவாடைக்காரியின் அம்மாவுக்கு ‘பிள்ளை எப்படி இருக்கிறாள்’ என்று செய்தி அனுப்பினேன். நன்றாக இருக்கிறாள், மூக்கு வீக்கம்கூட இல்லை என்று பதில் வந்தது.

பாலோ

வார நாட்களில் பாலோவில் தங்கினேன். பயிற்சிப் பள்ளிக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை குணா கொண்டுபோய் விடுவார். நாலரைக்கு ராகு காலம் என்பதால் நாலு மணிக்கே என்னைக் காரில் ஏற்றிவிடுவார். வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போவார். அந்த மாதங்களில் வீட்டில் சமைத்ததும் துணி காயப்போட்டதும் அவர்தான். ராகு காலத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

அங்கே நான் பயிற்சி ஆசிரியை. கழுத்தில் அப்படித்தான் அட்டை மாட்டியிருந்தேன். பிள்ளைகளை அழைத்து வரும் அம்மாக்களில் சிலர் என் வயதைப் பார்த்துவிட்டு அட்டையைப் பார்ப்பார்கள். ஒரு பாட்டு எடுக்க வேண்டுமென்றாலும் முதல்நாளே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். முதல் வாரம் அவமானமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், எழுதிக் கொடுத்த பிறகு சில பாடங்கள் முன்னை விட நன்றாகவே வந்தன. அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

என் இடத்தில் மிஸஸ் நவரத்தினம் ஓர் இளம் பெண்ணைத் தற்காலிகமாக வைத்திருந்தார். பெயர் ஷாமினி. டிப்ளோமா முடித்தவள், செனாயில் வேறு வேலை கிடைக்கும்வரை இருப்பதாகச் சொல்லியிருந்தாள். நல்லவள். வாரக் கடைசியில் பிள்ளைகளின் படங்களை எனக்கு அனுப்புவாள். ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கி, யார் யாருக்குப் பல் விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அவர்கள் நினைவு வரும்போதெல்லாம் அவர்களுக்கும் என் நினைவு வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

என் வகுப்பு

பிராக்டிகம் முடிந்தது. தேறிவிட்டேன், இந்தத் தடவை விளிம்பில் இல்லை. பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, மிஸஸ் நவரத்தினத்தின் அறைக்குப் போனேன். “கொங்கிராஜுலேஷன்ஸ் வசந்தி. தி கிளாஸ் இஸ் யுவர்ஸ்” என்றார். ஆங்கிலத்தில் சொன்னதால் நல்ல செய்திதான் என்று உறுதியாயிற்று.

ஷாமினி முந்தின வெள்ளிக்கிழமை கிளம்பிப் போயிருந்தாள். நான் நடைபாதையில் நடந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றி, எப்போதும் வைக்கும் இடத்தில் வைத்தேன். உள்ளே போனேன்.

மேசைகள் திரும்பியிருந்தன. வட்டமாகப் போட்டிருந்தேன், இப்போது சின்னச் சின்னக் குழுவாக இருந்தன. சுவரில் எனக்குத் தெரியாத படங்கள். பிள்ளைகள் எழுந்து நின்று, எனக்குத் தெரியாத ராகத்தில் “குட் மார்னிங் டீச்சர்” என்று இழுத்தார்கள். ஓடி வந்து கட்டிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார்கள், உட்கார்ந்தார்கள். பட்டுப்பாவாடைக்காரிகூடத் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அவர்கள்மேல் தவறு ஒன்றும் இல்லை. ஆறு வயதில் சில மாதம் என்பது நீண்ட காலம். ஆண்டு முடிய இன்னும் கொஞ்ச வாரங்கள்தான். அதன் பிறகு இவர்கள் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். இந்தப் பிள்ளைகளை விடக்கூடாது என்றுதான் இத்தனையும் செய்தேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அழுகை வந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன்.

யாரோ என் சேலையை இழுத்தார்கள். ஒரு சின்னப் பெண். நான் பார்த்ததே இல்லை. நான் போன பிறகு வந்து சேர்ந்தவள் போலிருக்கிறது.

“நீங்க புது டீச்சரா?”

மற்ற பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். ‘இல்லை’ என்று யாரும் சொல்லவில்லை.

“ஆமா. எம் பேரு வசந்தி டீச்சர்” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனாள். என் செருப்பைக் காட்டினாள்.

“டீச்சர், அங்க வைக்கக் கூடாது. இங்க வைக்கணும். பரவால்ல, நீங்க இன்னிக்குத்தானே வந்திருக்கீங்க.”

குனிந்து செருப்பை எடுத்து, அவள் காட்டிய இடத்தில் வைத்தேன்.